காற்றுத் துப்பாக்கியின் மரக்கட்டை

துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், அன்பர்களே. நான் சொல்ல வந்தது அதன் மரத்தைப் பற்றித்தான். தோளில் ஊன்றிப் பிடிக்கிற அந்தக் கட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு.

1780 வாக்கில் ஆஸ்திரியப் படை, ஜிராண்டோனி என்பவர் வடிவமைத்த காற்றுத் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. அதில் தோளில் ஊன்றும் பகுதி மரமே அல்ல. காற்றை அடைத்து வைக்கும் இரும்புக் குடுவை. தனிப் பம்பு கொண்டு சுமார் 1,500 தடவை அடித்தால்தான் அது நிரம்பும். சிப்பாய் நெட்டையோ குட்டையோ, இரும்பை அவன் தோளுக்கு இழைத்துக் கொடுக்க முடியுமா?

பிற்காலத்தில் பம்பு துப்பாக்கியோடவே சேர்ந்தது. 1947-இல் அமெரிக்காவில் ரசீன் நகரத்து ஷெரிடன் நிறுவனம் கொண்டுவந்த துப்பாக்கியில் வால்நட் மரம் வந்தது. குழலுக்கு அடியில் உள்ள முன்கட்டையே பம்பின் கைப்பிடி.

ஆளுக்கேற்பக் கட்டை செய்பவருக்கு இங்கேதான் சோதனை. பிடிப்பவரின் கைநீளம் பார்த்துப் பின்கட்டையின் நீளத்தை வைப்பார். கண் குறிக்கு நேரே வரும்படி கன்னம் படியும் இடத்தை உயர்த்துவார். கைப்பிடி ஒடுங்கும் இடத்தில் மர ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பிளந்துடும். ஒவ்வொரு அடியிலும் முன்கட்டை இழுபடும். ஆகவே ஆணித் துளையைச் சுற்றி மரம் மெலியக் கூடாது. கடைசியில் ஆளிவிதை எண்ணெய் பூசித் தேய்க்க வேண்டும்.

நான் வியாபாரி. ஒரே அளவில் செய்தால் சரக்கு மலியும், தெரியும். ஆனால் மனுஷன் உடம்பு ஒரே அளவா என்ன? அதை மதித்தது மரம்தான்.