வீட்டில் கட்டிய வால்வு அம்பிளிபயர் பேச மறுத்தால்

யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாங்கள். அந்த 6 வோல்ற் கையில் பட்டாலும் ஒன்றும் செய்யாது. மடவளையில் நான் இப்போது கட்டியிருக்கும் கிற்றார் அம்பிளிபயருக்குள் இருப்பது 300 வோல்ற். அது ஆளைக் கொல்லும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொள்ளளவிகளில் அது தங்கியிருக்கும். ஒரு தடையி மூலம் வடியவிட்டு, மீற்றர் பூச்சியம் காட்டிய பின்னரே உள்ளே கை வையுங்கள்.

முதன்முறை மின் கொடுக்கும்போது 60 வொற் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைப்பது நல்லது, எல்ஈடி உதவாது. உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் குமிழ் பிரகாசமாக எரியும், ட்ரான்ஸ்போமர் தப்பும். ஒலிபெருக்கியைப் பூட்டாமல் சோதிக்கவே கூடாது.

எனதில் வால்வுகள் சிவந்தன, சத்தம் வரவில்லை. ஒரு கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அளந்தேன். ஈஎல்84 வால்வின் கதோட்டில் 7 வோல்ற் இருந்தது. ஆகவே கடைசிக் கட்டம் சரி. முன்னால் உள்ள 12ஏஎக்ஸ்7 இன் அனோட்டிலோ வழங்கல் அழுத்தம் குறையாமல் அப்படியே நின்றது. அப்படியென்றால் அந்த வால்வினூடாக மின்னோட்டமே இல்லை. கதோட்டுத் தடையி உள்ளுக்குள் அறுந்திருந்தது. சில ரூபாய்ச் சாமான்!

அதை மாற்றியதும் ஊளையிடத் தொடங்கியது. பின்னூட்டம் தலைகீழாக வந்தால் இப்படித்தான். வெளியீட்டு ட்ரான்ஸ்போமரின் ஒலிபெருக்கிப் பக்கக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்ற, நின்றது.

மிச்சம் இரைச்சல். சத்தக் குமிழைக் குறைக்க அதுவும் குறைந்தால் முதற் கட்டத்தைப் பாருங்கள். குறையாவிட்டால் வழங்கற் கொள்ளளவிகளை.