சென்னைத் துறைமுகத்தின் கப்பல் வகுப்புகளும் பயணியின் தேர்வுரிமையும்

தொலைதூர விமானத்தின் நேரம் மாறும்போது, வணிக வகுப்புப் பயணி எந்த நிறுவனத்துக்கு மாறலாம் என்று இருக்கைகளையும் இடைநிற்கும் ஊர்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்று வழக்கமாகியுள்ளது. இத்தகைய தேர்வு கடல்வழிப் பயணிக்கு எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை, சென்னைத் துறைமுகத்தின் பயணிகள் கப்பல் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1856இல் கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே அஞ்சல் கொண்டு செல்லத் தொடங்கப்பட்டு, 1862இல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் எனப் பெயர் மாறிய அமைப்பே வங்கக் கடலின் பயணிகள் போக்குவரத்தில் நெடுங்காலம் மேலோங்கி நின்றது. நிறுவனத்தை மாற்றும் வாய்ப்பு குறைவாக இருந்ததால், பயணி தேர்ந்தெடுக்கக்கூடியதாக இருந்தது வகுப்பு ஒன்றுதான். அதையும் பெரும்பாலும் அவரது விருப்பத்தைவிட அவரது பணமே தீர்மானித்தது.

1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றுவந்த ரஜூலா கப்பல் இதற்குத் தக்க சான்றாகும். தனியறையும் சாப்பாட்டுக் கூடமும் பெற்ற மேல்வகுப்பினர் சிறு எண்ணிக்கையினராக இருக்க, தனியறையின்றிக் கப்பல் தளத்திலேயே இடம்பெற்ற ‘டெக்’ பயணிகள் ஆயிரக்கணக்கில் ஏறினர். தொடக்ககாலத்தில் 5,000க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்றுவதற்கு அக்கப்பல் அனுமதி பெற்றிருந்தது. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பலகைமேல் பாய் விரித்து, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கழித்த அவர்களின் சிரமம் கரையோடு முடியவில்லை. தொற்றுநோய் பரவாமல் பயணிகளைத் தனியே நிறுத்திவைக்கும் நோய்த்தடுப்புக் காவலுக்காகப் பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவும் சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான் தீவும் பயன்பட்டன. அதன் சுமையும் பெரிதும் டெக் பயணிகள் மீதே விழுந்தது. ஆகவே, வகுப்பு என்பது படுக்கையின் வசதியை மட்டுமன்றிக் கரையில் பயணி நடத்தப்படும் முறையையும் முடிவு செய்தது.

தோட்டத் தொழிலாளர்களில் பலருக்கு இந்தத் தேர்வுகூட இருக்கவில்லை. 1907இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் தண்டிய வரியைக் கொண்டு தொழிலாளர்களின் கப்பல் கட்டணத்தைச் செலுத்தியது. கட்டணத்தை வேறொருவர் செலுத்தியபோது, கப்பலையும் புறப்படும் நாளையும் முடிவு செய்யும் அதிகாரமும் அவர்கள் கையில் இல்லாமற் போனது.

போட்டி வந்தால் என்ன நேரும் என்பதைத் தூத்துக்குடி காட்டியது. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி கொழும்புக்குக் கப்பல் விட்டவுடன், பிரிட்டிஷ் நிறுவனம் பயணிகளை இழக்காமலிருக்கத் தன் கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்தது. 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டு, 1911இல் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டதோடு அந்தப் போட்டியும் முடிந்தது. இதனால், பயணிக்குக் கிடைத்த சலுகை நிறுவனத்தின் பெருந்தன்மையால் வந்ததன்று, எதிரே மற்றொரு கப்பல் நின்றதால் வந்தது என்பது புலனாகிறது.

விடுதலைக்குப் பின் அரசுடைமைக் கப்பலான ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் சென்னை–சிங்கப்பூர் தடத்தில் ஓடியது. ரஜூலா 1973இல் ஓய்வு பெற்ற காலத்தில், பிரான்சிடமிருந்து இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய சிதம்பரம் கப்பல் அதன் இடத்துக்கு வந்தது. 1985 பிப்ரவரியில் சிதம்பரத்தில் மூண்ட தீ பல உயிர்களைப் பறித்தது. அக்கப்பல் மீண்டும் அத்தடத்தில் ஓடவில்லை. கடல்வழியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு எஞ்சிய மாற்று விமானம் ஒன்றே. கூடுதல் மூட்டைகளோடு குறைந்த செலவில் போய்வரப் பழகியிருந்தவர்களுக்கு அது எளிய மாற்றாக அமையவில்லை.

அதற்குள் வானில் புதிய வகுப்புமுறை உருவாகியிருந்தது. முதல் வகுப்புக்கும் சாதாரண வகுப்புக்கும் இடைப்பட்ட வணிக வகுப்பை 1970களின் பிற்பகுதியில் விமான நிறுவனங்கள் அறிமுகப்படுத்தின. 2000இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் அவ்வகுப்பில் முழுமையாகச் சாயும் படுக்கையை வைத்தபின், நெடுந்தூர நிறுவனங்களின் போட்டி இருக்கையின் வடிவமைப்பை மையமாகக் கொண்டது. விமான நிறுவனம் பயணத்தை ரத்து செய்தால் மாற்று விமானத்தையோ கட்டணத்தையோ பயணி கோரலாம் என இன்றைய இந்திய விதிகள் கூறுகின்றன. டெக் பயணிக்குக் கிட்டாத இவ்வுரிமை வணிக வகுப்போடு நின்றுவிடாமல், மலிவான சீட்டு வாங்கி வேலைக்காகக் கடல் கடப்பவருக்கும் நடைமுறையில் முழுமையாகக் கிடைப்பதே நியாயமாகும்.