விண்தூசியின் மேல் ஒரு பனிப்போர்வை

கொழும்பில் 1939-இல் பிறந்த சந்திரா விக்கிரமசிங்க, கேம்பிரிட்ஜில் ஃபிரெட் ஹாயிலுடன் இணைந்து 1962-இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். விண்மீன்களுக்கிடையே மிதக்கும் தூசி பனியன்று, பென்சிலில் உள்ள கிராஃபைட்டு என்பது அதன் வாதம். அதுவரை செல்வாக்குப் பெற்றிருந்த கருத்தோ வேறு. நெதர்லாந்து அறிஞர் வான் டி ஹுல்ஸ்ட், கடுங்குளிரில் அணுக்கள் துகள்களின்மேல் படிந்து, நீரும் அம்மோனியாவும் மீத்தேனும் கலந்த ‘அழுக்குப் பனி’யாக உறையும் என்று 1940களில் கூறியிருந்தார்.

இவ்விருவருள் வென்றவர் யார்? 1973-இல் ஓரியன் திசையிலிருந்து வந்த அகச்சிவப்பு ஒளியில், 3.1 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி, நீர்ப்பனியின் அடையாளம் தென்பட்டது. பனி உண்டு, ஆயினும் அடர்ந்த மேகங்களுக்குள்ளேதான் உண்டு. உள்ளே கரிமமும் சிலிக்கேட்டும், மேலே பனிப்போர்வை என்பதே இன்றைய சித்திரம். ஆகவே இருவர்க்கும் பங்குண்டு. (தூசியில் நுண்ணுயிர்களே உள்ளன என்று விக்கிரமசிங்க பின்னாளில் வாதிட்டதை அறிவியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை, அது வேறு கதை.)

மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கேயான இத்துகளுக்கு ஏன் இத்துணைச் சிறப்பு? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் வெற்றுவெளியில் மோதினால் இணைவது அரிது. இணைப்பில் பிறக்கும் ஆற்றலை வாங்கிக்கொள்ள மூன்றாவதாக ஒன்று வேண்டும். இல்லையேல் அவை உடனே பிரிந்துவிடும். அந்த மூன்றாவது பொருளே தூசித்துகள். கூல்டும் சால்பீட்டரும் 1963-இல் இதனைக் கணக்கிட்டனர். நம் பினாங்கு வெக்கையில் ‘தே ஐஸ்’ குவளையின் புறத்தே நீர்முத்துகள் திரள்வதை மாணவர்க்குக் காட்டலாம்: அங்கும் நீராவி தன் வெப்பத்தைக் கண்ணாடியிடம் விட்டே நீராகிறது. உவமை அவ்வளவோடு நிற்கும். குவளையில் புதிய மூலக்கூறு எதுவும் பிறப்பதில்லை.

துகளிலோ பிறக்கிறது. ஆக்சிஜன் அணுவோடு ஹைட்ரஜன் சேர்ந்து நீராகிறது. உறைந்த கார்பன் மோனாக்சைடின்மேல் ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக ஏற, முதலில் ஃபார்மால்டிஹைடும் பின் மெத்தனாலும் உருவாகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் வாத்தனபேயும் கூச்சியும் 2002-இல் இதனை ஆய்வுக்கூடத்திலேயே நிகழ்த்திக் காட்டினர்.

மூலக்கூறு மேற்பரப்பில் ஒட்டுவதைத் தமிழகத்தார் ‘பரப்புக் கவர்தல்’ என்பர். இலங்கை நூல்கள் ‘புறத்துறிஞ்சல்’ என்கின்றன. எனக்கு முன்னதே உவப்பு: ‘உறிஞ்சல்’ என்றதும் மாணவர் மனம் பஞ்சை நினைத்து, உள்ளே புகுவதாகக் கொண்டுவிடும். ஒட்டியது பெயர்ந்து போவதை நான் ‘பரப்பு நீங்கல்’ என்றே வழங்குகிறேன்.

அந்த நீங்கலில்தான் புதிர் இருக்கிறது. விண்மீன் ஒன்று பிறந்து அண்டையைச் சூடாக்கினால், கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ 20 கெல்வினிலும், நீர் 100 கெல்வினை ஒட்டியும் ஆவியாகும். ஆனால் விண்மீனே பிறவாத இருண்ட மேகங்களில் வெப்பநிலை 10 கெல்வின், அதாவது சுழியத்திற்குக் கீழே 263 செல்சியஸ் பாகை. அங்கே ஹைட்ரஜனும் ஹீலியமும் நீங்கலாக மற்றவை அனைத்தும் உறைந்து ஒட்டிக்கிடக்க வேண்டும். வானொலித் தொலைநோக்கிகளோ அங்கும் மெத்தனால் வாயுவைக் காண்கின்றன. எதுவோ அவற்றைப் பெயர்த்தெறிகிறது. புற ஊதா ஒளியா? லைடனில் கரின் ஓபர்க் குழுவினர் 2007-இல், அவ்வொளி கார்பன் மோனாக்சைடுப் பனியை எதிர்பார்த்ததினும் மிகுதியாகப் பெயர்ப்பதை அளந்தனர். அண்டக்கதிர் ஒன்று துகளைத் துளைத்து நொடிப்பொழுது சூடாக்குவதாலா? வேதிவினையின் சொந்த ஆற்றலே பிறந்த மூலக்கூற்றை உந்தித் தள்ளுவதாலா? மூன்றும் நிகழ்கின்றன, எது எங்கே எவ்வளவு என்பதே இன்றைய வழக்கு. விக்ரம் சாராபாய் 1947-இல் தோற்றுவித்த அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் இத்தகைய பனிப்படலங்களை உறையவைத்து ஆராய்கின்றனர்.