வாசலுக்கு வெளியே நின்றவர்கள்

சபை மலர்க் குழுவினர் நம் சபையைத் தொடங்கிய கிளாரிந்தா அம்மையாரைப் பற்றி எழுதப் பணித்தார்கள். அவர் எழுப்பிய பாளையங்கோட்டை பாப்பாத்தி அம்மாள் கோவிலின் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆகவே, என் வாசிப்பில் அம்மையாருக்கு அருகே வந்து நிற்கும் ஒரு கதைமாந்தரை முதலில் அறிமுகப்படுத்துகிறேன்.

வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட ‘தி மூன்ஸ்டோன்’ ஆங்கிலத் துப்பறியும் நாவல்களில் முன்னோடி. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கொள்ளைபோன வைரத்தின் கதை அது. அதில் வரும் எஸ்ரா ஜென்னிங்ஸ் ஒரு மருத்துவரின் உதவியாளர். குடியேற்ற நாடொன்றில் பிறந்த கலப்பினத்தவர். தீராத பழியும் தீராத நோயும் சுமந்தவர். வலி தாங்க அபினி உண்பவர். ஊரார் அவரை அண்டவிடவில்லை. ஆனால் காய்ச்சலில் பிதற்றிய மருத்துவரின் உதிரிச் சொற்களைக் கோத்துப் பார்த்து, வைரத்தை எடுத்த பிராங்க்ளின் பிளேக் அபினி மயக்கத்தில் தம்மையறியாமல் எடுத்தார் என்று மெய்ப்பித்தவர் அவரே. தம்மீதான பழியைத் துடைக்க இயலாதவர் பிறர் பழியைத் துடைத்தார். பெயர் பொறிக்காத கல்லறையையே கேட்டு வாங்கிக்கொண்டார். ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் பாடுபடும் தாசனை நினையாமல் அந்தப் பக்கங்களை என்னால் கடக்க முடிந்ததில்லை.

நம் அம்மையாரும் அவரைப்போல் ஊரார் ஒதுக்கியவரே. அவர் தஞ்சையின் மராத்தியப் பிராமண விதவை. ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்ததால் சாதியார் தள்ளினர்; அந்த உறவையே காரணமாக்கி மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரும் முதலில் ஞானஸ்நானம் மறுத்தார். 1778இல்தான் அது கிடைத்தது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டின் 40 பெயர்களில் முதற்பெயர் அவருடையது! 1785இல் அவர் எழுப்பிய ஆலயத்தை அதே ஐயரே பிரதிஷ்டை செய்தார். யோவான் 4ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணும் இப்படித்தான்: ஊர் ஒதுக்கியவள் ஊரையே ஆண்டவரிடம் அழைத்து வந்தாள்.

பெருங்குளத்து அ. மாதவையா 1915இல் ‘கிளாரிந்தா’ என்று ஆங்கிலத்தில் நாவல் எழுதினார். அவர் நம் சபையார் அல்லர். ஆயினும் அம்மையாரை மனமுவந்து போற்றினார். தாமிரபரணிக் கரையின் பெருந்தன்மை அது.

அன்பர்களே, தள்ளப்பட்ட ஒருத்தி தொடங்கிய சபை இது. மறுமணம் செய்தவர், கலப்புமணத் தம்பதியர், குடியிலிருந்து மீண்டவர் எவரையும் கடைசி பெஞ்சுக்கு அனுப்பும் உரிமை நமக்கில்லை. அவர்களை முன்வரிசைக்கு அழையுங்கள், பொறுப்பும் கொடுங்கள்.