மண்வெட்டிக் காம்பில் விரிசலா? ஒட்டலாமா, மாற்ற வேண்டுமா?

அண்டை வெட்டும்போது மண்வெட்டிக் காம்பில் 'சடக்' என்று சத்தம் கேட்டால், கட்டுக்கம்பியை எடுத்து நாலு சுற்று சுற்றிவிட்டு வேலையைத் தொடர்வதுதான் பலருக்கும் வழக்கம். கம்பி விரிசலை மறைக்குமே தவிர சேர்க்காது. கை வழுக்கினால் உள்ளங்கையையும் கிழிக்கும். ஓங்கிய நேரத்தில் காம்பு ஒடிந்தால், இரும்பு பக்கத்தில் நிற்பவர் காலில் போய் விழும்.

எனவே முதலில் காம்பைக் கழுவி, நிழலில் காயவைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். மர நாரின் போக்கிலேயே நீளவாக்கில் ஓடும் விரிசல், கை பிடிக்கும் பகுதியில் இருந்தால் ஒட்டிப் பயன்படுத்தலாம். நாரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் விரிசலையும், காம்பு இரும்புக்குள் நுழையும் இடத்தில் உள்ள விரிசலையும் ஒட்டவே கூடாது. அடியின் வேகம் முழுவதும் விழுவது அந்த இடத்தில்தான். கோடரிக் காம்பு என்றால் எந்த விரிசலாக இருந்தாலும் புதிதாக மாற்றிவிடுவதே நல்லது. தலைக்கு மேல் ஓங்கும் கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஒட்டுவதற்குச் சாதாரண வெள்ளைப் பசை போதாது, ஈரம் பட்டால் இளகிவிடும். இரண்டு டியூப்களாக வரும் எபாக்சி பசை (அரால்டைட் போன்றவை) ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். விரிசலுக்குள் மண்ணோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. பழைய பல்துலக்கியால் தேய்த்து, சைக்கிள் பம்பால் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். பிறகு மெல்லிய மூங்கில் சிம்பைச் செருகி விரிசலைச் சற்றே திறந்து வையுங்கள். அதிகம் நெம்பினால் விரிசல் இன்னும் ஓடிவிடும்.

இரண்டு டியூப்களிலிருந்தும் சம அளவு பிதுக்கி, ஒரே நிறமாகும் வரை கலக்க வேண்டும். கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொள்வது நல்லது, இந்தப் பசை சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரும். பழைய பிளேடின் முனையால் பசையை விரிசலின் அடிவரை தள்ளுங்கள். மேலே மட்டும் பூசினால் நாலு நாள்கூடத் தாங்காது. சிம்பை உருவிவிட்டு, காம்பின் மேல் பாலித்தீன் தாளைச் சுற்றி, அதன் மேல் பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். இந்த வேலைக்கு ரப்பர் நாடாவை மிஞ்சிய கட்டு இல்லை. கயிறு தளரும், ரப்பர் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறுக்கும். ஒரு நாள் முழுக்க அசைக்காமல் நிழலில் வைத்து, பிறகு பிரித்து, பிதுங்கிய பசையை அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்துவிடுங்கள். ஆணியோ திருகாணியோ அடிக்க வேண்டாம், மரத்தை அதுவே பிளந்துவிடும்.

காம்பு ஆடுகிறது என்று மண்வெட்டியை இரவு முழுவதும் தண்ணீரில் போடும் பழக்கமும் காம்பைக் கெடுக்கிறது. ஊறிய மரம் விரிய இடமில்லாமல் இரும்புத் துளைக்குள்ளேயே நசுங்கும். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். தண்ணீருக்குப் பதிலாக, காய்ந்த கெட்டி மரத்தில் சீவிய ஆப்பை அடியுங்கள். வேலை முடிந்ததும் வரப்பு வெயிலில் போட்டுவிடாமல் கொட்டகையில் வைத்து, பருவத்துக்கு ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் காம்பு சீக்கிரம் வெடிக்காது.

புதுக் காம்புக்கு வைரம் பாய்ந்த கருவேலம் நல்ல மரம். பச்சையாக மாட்டாமல், நிழலில் நன்றாகக் காயவிட்டுச் செதுக்குங்கள். நார் நுனிவரை நேராக ஓட வேண்டும், நடுவில் கணு இருக்கக் கூடாது. ஒட்ட முடியாத பழைய காம்பை அடுப்பில் வைத்துவிடாதீர்கள். விரிசல் விட்ட பகுதியை அறுத்து எறிந்தால், மீதி களைக்கொத்துக்கு ஆகும்.