கரைந்த ஈறும் எலும்பும் மறுபடி வளருமா? பல் டாக்டர்கள் செய்யும் சிகிச்சை என்ன?

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. பல் முன்பைவிட நீளமாகத் தெரிகிறது, லேசாக ஆடவும் செய்கிறது. உண்மையில் பல் நீளவில்லை. அதைப் பிடித்திருக்கும் ஈறும் தாடை எலும்பும்தான் கரைந்து பின்வாங்கியிருக்கின்றன. கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. 'ஈறு மீண்டும் வளரும்' என்று விற்கப்படும் பற்பொடியாலும் எண்ணெயாலும் அது வராது. அறுவை சிகிச்சையால் ஓரளவு மீட்கலாம். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் சுத்தம்

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியால் டாக்டர் அளப்பார். 1 முதல் 3 மி.மீ. வரை இருந்தால் கவலை இல்லை. 5, 6 மி.மீ. என்றால் எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் முதல் வேலை, வேர் வரை பற்காரையைச் சுரண்டி எடுப்பதுதான். "கிளீன் பண்ணா பல்லு ஆட்டம் கண்டுடும்" என்று பலர் இதற்கே பயப்படுகிறார்கள். ஆட்டம் ஏற்கெனவே இருந்ததுதான். காரை சிமென்ட் மாதிரி பிடித்து அதை மறைத்திருந்தது. சில வாரம் கழித்தும் பள்ளம் ஆழமாகவே இருந்தால்தான் ஆபரேஷன் பேச்சு வரும்.

ஈறைத் தடுத்தால் எலும்பு வளரும்

கேட்க விசித்திரமாக இருக்கும். ஈறின் மேல்தோல் வேகமாக வளரும். எலும்பும், பல்லை எலும்போடு கட்டும் நாரும் மெதுவாகத்தான் வளரும். சுத்தம் செய்த பள்ளத்தை அப்படியே விட்டால் தோல் முந்திக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். அதனால் நடுவே மெம்பரேன் என்ற மெல்லிய திரையை வைத்து, ஈறை அதன் மேல் மூடித் தைக்கிறார்கள். ஸ்வீடனில் ஸ்டூரே நைமன் குழு 1982-ல் ஒரு நோயாளிக்கு வடிகட்டித் தாளை இப்படி வைத்து, வேரில் புதுப் பிணைப்பு உருவானதைக் காட்டியது. இன்று பெரும்பாலும் தானே கரையும் திரைதான்.

திரைக்கு அடியில் எலும்புத் துகள் நிரப்புவதும் உண்டு. நோயாளியின் சொந்த எலும்பு, தானமாக வந்த மனித எலும்பு, பதப்படுத்திய மாட்டெலும்பு, செயற்கைத் துகள் எனப் பல வகை. பன்றியின் வளரும் பற்களிலிருந்து எடுத்த புரத ஜெல்லும் இருக்கிறது. உணவு அல்லது மத நம்பிக்கை காரணமாகத் தயக்கம் இருந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது, மாற்று வகை கிடைக்கும்.

யாருக்குப் பலன்?

பள்ளத்தின் வடிவம்தான் முடிவு செய்கிறது. பல்லை ஒட்டிக் கிணறு போலக் குறுகி, சுற்றிலும் எலும்புச் சுவர் நின்றால் துகள் தங்கும், எலும்பு வளரும். ஏரிக்கரை மொத்தமும் தாழ்ந்தது போல எல்லாப் பல்லிலும் எலும்பு ஒரே மட்டமாக இறங்கியிருந்தால் பழைய உயரம் திரும்புவது அரிது. இதை எக்ஸ்ரேயைக் காட்டியே டாக்டரிடம் கேட்கலாம்.

எலும்பு நன்றாக இருந்து ஈறு மட்டும் இறங்கியிருந்தால் கதை வேறு. மேல் அண்ணத்திலிருந்து சதையை எடுத்து வேர் மேல் வைத்துத் தைப்பார்கள். நல்ல பலன் தரும் சிகிச்சை இது. சில நாள் அண்ணத்தில் எரிச்சல் இருக்கும், அவ்வளவுதான்.

சிகரெட் பிடிப்பவர்களுக்கும் சுகர் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் எந்த முறையிலும் பலன் குறைவு. எலும்பு வளர்ந்ததா என்பது எக்ஸ்ரேயில் தெரிய 6 மாதத்திலிருந்து 1 வருடம் ஆகும். அதுவரை அந்தப் பள்ளத்தைக் கம்பி விட்டு அளந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.