கலிபோர்ணியாவில் காய்ச்சியிணைப்போரும் அநுமதிப்பத்திரப் பரீட்சையும்

மக்கள் வழக்கில் வெல்டிங் எனவும், தொழில்நுட்பத் துறையிற் காய்ச்சியிணைத்தல் எனவும் வழங்கும் தொழில், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திற் பரீட்சைக்குரியதான வரலாறு தொழிலாளர் வரலாற்றைப் பயில்வோர் கவனிக்கத்தக்கது.

கட்டட ஒப்பந்தகாரர் அநுமதிப்பத்திரம் பெறவேண்டுமெனும் சட்டம் அங்கு 1929 இல் இயற்றப்பட்டது. ஆயினும் விண்ணப்பதாரரின் தகைமையைப் பரீட்சித்தறிதல் 1938 இலேயே கட்டாயமாயிற்று. இன்று காய்ச்சியிணைப்பு ஒப்பந்தகாரர் சி-60 எனும் பிரிவில் அடங்குவர். கடந்த 10 ஆண்டுகளுள் 4 ஆண்டுகளேனும் தேர்ந்த தொழிலாளராகவோ மேற்பார்வையாளராகவோ கடமையாற்றியோரே விண்ணப்பிக்கலாம். பரீட்சை இரு பகுதிகளையுடையது: ஒன்று தொழில்பற்றியது, மற்றையது சட்டமும் வணிகமும் பற்றியது. பல்லாண்டுகள் சுவாலையோடும் மின்வில்லோடும் பழகிய ஒருவர், ஒப்பந்தச் சட்டம், கூலிக்கான உரித்து, காப்புறுதி, கணக்கேடு என்பவற்றைப் புதிதாகக் கற்கவேண்டியவராகின்றார். இரு வினாத்தாள்களும் விடை தெரிவுசெய்யும் முறையின. கைத்திறன் அங்கே சோதிக்கப்படுவதில்லை. இது குறையெனத் தோன்றலாம். ஆனால் அச்சட்டம் காக்க முனைவது பணம் கொடுத்து வேலைசெய்விப்போரையே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

கைத்திறனுக்குரிய சோதனை வேறு. பரீட்சார்த்தி இரு தகடுகளை இணைப்பார். கிடைநிலையில் மட்டுமன்றி, நிலைக்குத்தாகவும், தலைக்கு மேலாகவும் இணைக்கவேண்டியிருக்கும். இணைப்பினூடாக வெட்டியெடுத்த கீலம் குதிரை இலாட வடிவில் வளைக்கப்படும். வெடிப்புத் தோன்றின் அவர் தவறியவராவார். இங்கே விடையை உலோகமே கூறும்.

ஆனால் உலோகம் அளித்த சான்று மட்டும் போதுமானதாயிருந்ததா? இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கப்பல் கட்டுந்துறைகளில், தறையாணிக்குப் பதிலாகக் காய்ச்சியிணைப்பே பெரிதும் கையாளப்பட்டது. 1942 நவம்பரில் றிச்மண்டில் ஒரு கப்பல் ஐந்து நாட்களுக்குள் நீரில் இறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்களும், தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும் இத்தொழிலைக் கற்றனர்.

சோசலிற்றோவிலிருந்த மரின்சிப் துறையில் யோசப் யேம்ஸ் என்பார் காய்ச்சியிணைப்பாளராகப் பணிபுரிந்தார். சங்க உறுப்பினருக்கே வேலை என்பது அங்கிருந்த உடன்படிக்கை. கொதிகலம் செய்வோர் சங்கமோ கறுப்பினத்தவரைச் சம உறுப்பினராக ஏற்காது, வாக்குரிமையற்ற துணைக்கிளையில் ஒதுக்கியது. அவர்கள் சந்தா செலுத்த மறுத்தபோது, 1943 இன் இறுதியில் வேலையிழக்கும் நிலை எய்தியது. தகட்டில் தேறியவர் தோல் நிறத்தில் தவறினார் என்க.

வழக்கு மாநில உயர்நீதிமன்றம்வரை சென்றது. வேலைக்கு உறுப்புரிமையைக் கட்டாயமாக்கும் சங்கம், இனங்காரணமாக உறுப்புரிமையின் கதவை அடைத்துவைத்தல் ஆகாதென 1944 இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே யுத்தம் முடிவுற்றது. கப்பல்களுக்கான தேவை வீழ்ச்சியுற, துறைகள் ஆட்களைக் குறைக்கலாயின. தீர்ப்பினால் உரிமை பெற்றோருட் பலருக்கு, அவ்வுரிமையைப் பயன்படுத்த வேலை எஞ்சியிருக்கவில்லை.